உமாதேவியின் முதல் பன்னிரண்டு பாட்டுகள்

கோவில்பட்டியில் ஜமால் முகம்மதுவின் மைக்செட் கடைக்கு உமாதேவி வந்தபோது உச்சி வெயில். அவளுடைய பாட்டைப் போனில் கேட்காத ஆள் ஊரில் குறைவு. ஆனாலும் தெருவில் யாரும் அவளை அடையாளம் காணவில்லை.

“அண்ணாச்சி, என் பழைய பாட்டு ஏதும் உங்ககிட்ட கிடக்கா?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் பாட வந்த புதிதில் கட்டிய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட ஒரு கம்பெனி முன்வந்திருக்கிறது. அவள் கையில் ஒன்றுகூட இல்லை.

ஜமால் எழுந்து ஒரு கேசட்டை எடுத்தார். தேடவே இல்லை. மாதம் ஒருமுறையாவது அதைப் போட்டுக் கேட்கிறவர் அவர்.

தொண்ணூற்று நாலில் அவருக்கு முப்பது வயது. புதூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் கட்டப் போயிருந்தார். ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண்ணொருத்தி, மைக்கைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் தான் கட்டிய பாட்டையே பாடினாள். பத்தொன்பது வயதுக் குரல் ஸ்பீக்கர் குழாய் வழியே கரிசல் காட்டைத் தாண்டிப் போனது. ஏணியில் நின்ற ஜமாலுக்கு இறங்கத் தோன்றவில்லை. அடுத்த வாரமே அவளையும் அவள் அம்மாவையும் கடைக்கு வரவழைத்து, ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்கப் பன்னிரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தார்.

இப்போது இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். முதலில் மேகப் பாட்டு.

“விளாத்திகுளம் வந்த மேகம்
வழி கேட்டுத் திரும்பிப் போச்சே…”

“மிளகாய் கருகின வருசம் கட்டுனது” என்றாள் உமாதேவி. “தாளமே இல்லாமப் பாடியிருக்கேன் பாருங்க.”

“யாரு சொன்னா? ஆட்டுக்குப் பின்னால நடக்கவ எங்க மூச்சு விடுவாளோ அங்கதான் விட்டிருக்க. இப்பம் உன் பாட்டுல பத்து வாத்தியம் முன்னால வந்து நிக்குது. நீ எங்க இருக்கன்னு தேடுதேன்.”

அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். அடுத்தது தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ‘ஆபீஸ் வண்டி’ப் பாட்டு. “செல்வமாரி சீட்டுப் புடி, செண்பகம் தூக்கம் புடி” என்று துள்ளிப் போகிற பாட்டு. நடுவில் நிஜமாகவே தெருவில் போன பஸ்ஸின் ஹாரன் விழுந்திருந்தது. இரண்டையும் சேர்ப்பதென்று முடிவாயிற்று.

மூன்றாவது பாட்டு தொடங்கியதும் அவள் எழுந்துவிட்டாள்.

“கொடியில தொங்கும் உன் சட்டை
காத்தடிச்சா கையசைக்கும்…”

சூரத்துக்கு வேலைக்குப் போன அண்ணன் கோகுலகிருஷ்ணனை நினைத்துக் கட்டியது. இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்து, ஒரு நொடி நின்று, பிறகு தொடரும்.

“நிறுத்துங்க. இது வேண்டாம். வீட்டுக் கதைய மேடையில பாடி மானத்த வாங்குதியான்னு கேட்டவன் அவன். அதோட பேச்சு நின்னது. பேசாமலே போயும் சேந்துட்டான். எனக்கு இதக் கேக்க முடியல.”

ஜமால் பாட்டை நிறுத்தினார். அவன் இறந்த இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை அவளுக்குப் போன் போட எடுத்து, வைத்திருக்கிறார். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அவளுக்கு இன்னும் வலிக்குமே என்ற பயம் ஒரு பக்கம். இன்று சொல்லாவிட்டால் பாட்டே போய்விடும்.

“உமா, உன் அண்ணன் இங்க வந்தான். அது ஆச்சு பதினஞ்சு வருசம். இந்தப் பாட்டு மட்டும் வேணும்னு கேட்டான். வேற கேசட்டுல பதிஞ்சு முடியிற வரைக்கும் இங்கன நின்னுக்கிட்டே கேட்டான். நீ அழுத இடத்துல செவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டான். ‘தங்கச்சிகிட்ட சொல்லிராதீங்க பாய்’னு என் கையப் புடிச்சு வாக்கு வாங்கிட்டுப் போனான்.”

உமாதேவி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு, “ஏன் அண்ணாச்சி அப்பமே சொல்லல?” என்றாள். அவர் “தப்புதான்” என்றார்.

அவளே பட்டனை அமுக்கினாள். பாட்டு முழுவதையும் கேட்டாள். முடிந்ததும், “புதூருக்கு இப்பம் பஸ் இருக்கா?” என்று கேட்டாள். அங்கேதான் அண்ணன் மனைவி கிருஷ்ணவேணி இருந்தாள். ஜமால் பாட்டை உமாதேவியின் போனில் ஏற்றிக் கொடுத்து, ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், வண்டி கிளம்பும்வரை நின்றார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. “மதினி வீட்டுல இருக்கேன் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் வருவேன்.”

தை மாதம், பன்னிரண்டில் தேர்ந்தெடுத்த எட்டுப் பாட்டுகளோடு தொகுப்பு வெளியானது. அண்ணன் பாட்டு, அந்த உடைந்த இடத்தைத் தொடாமல், அப்படியே இருந்தது. விழாவில் கிருஷ்ணவேணிக்கு முன்வரிசையில் ஜமாலின் பக்கத்து நாற்காலி. அவள் தன் மகளின் தோளைத் தட்டி, “உங்க அப்பாவுக்குப் பாட்டுப் பதிஞ்சு குடுத்தது இவியதான்” என்று காட்டினாள்.