இஸ்திரிப் பெட்டிக்குக் குறைந்த ஓட்டு

எங்கள் மாமா இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவர். மூன்றாம் முறை சித்தூர் கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த பட்டியலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.  மாமா உடனே அத்தையின் போட்டோவைத் தேடினார். கல்யாண ஆல்பத்தில்தான் ஒன்று கிடைத்தது. அதில் பாதிக்குமேல் மாமா இருந்தார். அப்படியே போஸ்டர் அடித்தார்கள்.

"நீ கையெழுத்து மட்டும் போடு. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

"அஞ்சு வருசமும் போட்டுக்கினே இருக்கணுமா?" என்று அத்தை கேட்டாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு அப்போது ஆறு வயது. எங்கள் சின்னம் இஸ்திரிப் பெட்டி. பத்து நாள் ஆட்டோவில் மாமாவின் மடியில் உட்கார்ந்து, தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை என்று கத்தியதில் தொண்டை கட்டிப்போனது. மாமா நிஜமான கரி இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பார். தெருவே விசிலடிக்கும். எதிரே பட்டம் சின்னத்தில் நின்ற தையல்கடை அக்கா நடந்தேதான் ஓட்டுக் கேட்டாள்.

"பட்டம் எம்மா நேரம் பறக்கும்? கீழ வுழுந்துதானே ஆவணும்!" என்றார் மாமா.

ஓட்டுப் போட அத்தை என்னையும் கூட்டிப்போனாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அவள் விரல் இஸ்திரிப் பெட்டியைத் தாண்டிப்போய், பட்டத்துக்கு நேரே இருந்த பட்டனை அழுத்தியது. பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது.

"அத்தே, நம்மது மேல..."

"உஷ்" என்றாள்.

விருந்தாளிக்கு முதலில் பரிமாறுகிற மாதிரி, தேர்தலில் நிற்பவர் தன் ஓட்டை எதிராளிக்குப் போடுவதுதான் மரியாதை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எண்ணிக்கையன்று அப்பாவின் தோளில் ஏறி ஜன்னல் வழியே பார்த்தேன். இருவருக்கும் சம ஓட்டு. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சமம். அதிகாரி இரண்டு சீட்டுகளை மடித்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் குலுக்கினார். மாமா திருப்பதி இருந்த திசையில் கும்பிட்டு, உரத்த குரலில் மொட்டை வேண்டிக்கொண்டார், அத்தையின் தலைக்கு.

சீட்டில் வந்தது அத்தையின் பெயர். வெடிச் சத்தத்தில் காது அடைத்தது. மாலை மாமாவின் கழுத்தில் விழுந்தது. அத்தை அழுதாள். சந்தோஷத்தில் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

மறுவாரமே திருமலை. மொட்டையடித்து வந்த அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து மாமா விரல்விட்டு ஆட்களை எண்ணினார்.

"ஒரே ஒரு ஓட்டு சேத்து வுழுந்திருந்தா சீட்டே குலுக்கியிருக்க வேணாம்! நம்ம கூடயே துன்னுகினு எவனோ பட்டத்துக்குக் குத்திட்டான். அவன் யாருன்னு தெரியாம நான் உட மாட்டேன்."

எனக்குத் தெரியும்! வாயைத் திறந்தேன். அத்தை ஒரு முழு லட்டை அதற்குள் திணித்தாள். ஏலக்காயும் முந்திரியுமாக அவ்வளவு ருசி. அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்து முகம்வரை மூடிக்கொண்டாள். புது மொட்டை, மலைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.