முனுசாமியின் எஞ்சின் பரிசோதனைகள்

பஸ் பட்டறை வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: வண்டி ஓடினால் டிரைவர் கெட்டிக்காரர், நின்றால் நாம் முட்டாள் என்பதில் குழப்பமே கிடையாது. கையில் கிரீஸ் படிந்த அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒப்பந்தத்தில் ஃபிஜி வந்து, ரராவாய் சர்க்கரை ஆலைப் பக்கம் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறைக்கு நான் பொறுப்பேற்ற கையோடு, ராணுவம் நாட்டுக்குப் பொறுப்பேற்றது. உதிரிப்பாகம் வருவது நின்றது. மெக்கானிக்குகள் போவது நிற்கவில்லை. இந்தியர்களுக்கு இனி இங்கே பாதுகாப்பில்லை என்று ஐந்து பேரில் நால்வர் ஆக்லாந்து, சிட்னி எனப் பறந்துவிட, மிஞ்சியவர் முனுசாமி. அவரும் போனால் பஸ்கள் நிற்கும், மறுநாள் என் வேலையும் நிற்கும். ஆகவே அவர் எந்தப் பரிசோதனைக்கு ஆசைப்பட்டாலும் ‘ஆகட்டும்’ என்பதே என் நிர்வாகக் கொள்கை ஆயிற்று.

வாசனை பஸ்

டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது முனுசாமி ஒரு பஸ்ஸின் டாங்கில் தேங்காய் எண்ணெயை ஊற்றினார். ஆரம்ப காலத்தில் வெள்ளைக்காரன் டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினானாம். நமக்கென்ன குறைச்சல் என்றார். மத்தியானத்தில் பிரமாதமாக ஓடியது. அந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம்; காலைக் குளிரில் எண்ணெய் டாங்கிலேயே உறைந்துகொண்டது. ஆறு மணி பஸ், சூரியன் மனம் வைத்த பிறகு ஒன்பதுக்குப் புறப்பட்டது.

மறுநாள் ஒரு பயணி என்னைத் தேடி வந்தார். தாமதத்துக்குத்தான் திட்டப்போகிறார் என்று மன்னிப்போடு தயாராக நின்றேன். அவர் சொன்னார்: “நேரம் கெடக்குது சார். இந்தப் பொகை வட சுடுற மாதிரி வாசன அடிக்குது. ஆபீசு போய்ச் சேர்றதுக்குள்ள மத்தியானச் சோத்த துன்னு முடிச்சிடுறேன்.”

ராணுவத்தின் தீர்ப்பு

சபேட்டோவில் டாக்ஸி ஓட்டும் ரெட்டிக்கு கார் எஞ்சின் வெடித்துவிட்டது. முனுசாமி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினை உள்ளே உட்கார வைத்தார். வேகம் ஒன்றே ஒன்று. சைக்கிள்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு முந்திப்போனார்கள். வெள்ளோட்டத்துக்கு நானும் போனேன், புத்தி இருந்ததால்.

சாலைத் தடுப்பில் ராணுவத்தார் நிறுத்தினார்கள். படபட சத்தம் கேட்டுத் துப்பாக்கியைத் தூக்கியவர்கள், மூடியைத் திறந்து பார்த்ததும் இறக்கிவிட்டார்கள். எஞ்சின் அணைந்துவிட்டது. ரெட்டி கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தார். கடைசியில் சிப்பாய்களே இருவர் சுற்றிக் கிளப்ப வேண்டியதாயிற்று. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர்களின் தலைவர் ஃபிஜி ஹிந்தியில் சொன்னதன் தமிழ் இது: “இதைப் பறிமுதல் பண்ணினால் நாங்கள்தான் தள்ளணும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

ஜன்னலோர சீட்

ஊரைவிட்டுப் போகிறவர்கள் விற்க முடியாத கார்களை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். முனுசாமி அவற்றை அக்கக்காகக் கழற்றி மூன்றாம் நம்பர் பஸ்ஸில் பூட்டினார். டைனமோ பிரிஸ்பேன் போனவருடையது, ரேடியேட்டர் வான்கூவர் போனவருடையது. குடிபெயர்ந்தவர்கள் பட்டியலை யாராவது கேட்டால் அந்த பஸ்ஸைக் காட்டினால் போதும்.

ஒருநாள் ஓர் அம்மாள் ஏறி, காலியாயிருந்த இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, ஜன்னலோரம் தனியாகப் பூட்டியிருந்த ஒரு கார் சீட்டின் முன்னால் போய் நின்றார். அதில் உட்கார்ந்திருந்த ஆலைத் தொழிலாளியிடம் சொன்னார்: “எந்திரிப்பா, அது எம் மவன் ஓட்டின காரு சீட்டு. ஊரு வர்ற வரைக்கும் நான் குந்திக்கினு வர்றேன்.”

உண்மைச் சான்றிதழ்

கடைசியில் முனுசாமியே ஒரு படிவத்தோடு வந்தார். கனடா போக மேலதிகாரியின் சான்றிதழ் வேண்டுமாம். “வூட்டு மேல கல்லடிச்சவன் தெனமும் எதிர்ல வந்து சிரிக்கிறான் சார். ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு எப்படி இருக்கறது?” என்றார். மறுக்க வாய் வரவில்லை. அனுப்ப மனசு வரவில்லை.

ஆகவே சாமர்த்தியமாக உண்மையை மட்டும் எழுதினேன். இவர் அசல் பாகத்தை வைத்து எதையும் பழுதுபார்த்து நான் கண்டதில்லை. எண்ணெயை மாற்றுவார், எஞ்சினை மாற்றுவார். இவர் கைபட்ட வண்டி எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று அந்தக் கம்பெனியாலேயே சொல்ல முடியாது. இதைப் படிக்கும் கனடாக்காரன் இவரிடம் சைக்கிளைக்கூட நம்பித் தரமாட்டான் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அனுமதி சீக்கிரமே வந்துவிட்டது. உதிரிப்பாகம் போய்ச்சேர மாதக்கணக்காகும் ஏதோ வடக்கத்திப் பனிக்காட்டில் இப்படிப்பட்ட ஆளைத்தான் வலைபோட்டுத் தேடிக்கொண்டிருந்தார்களாம். முனுசாமி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் சொன்னார்: “ஒரு பொய்யும் கலக்காம எழுதினீங்களே சார், அந்த மனசு யாருக்கு வரும்?”

ஆகமொத்தம், என் பட்டறை வாழ்க்கையில் தள்ளாமல், உதைக்காமல் நான் கிளப்பிவிட்ட ஒரே வண்டி, முனுசாமியின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாந்தியிலிருந்து புறப்பட்ட அந்த விமானம்தான்.