அப்பா இறக்கிவைத்த ஜன்னல்கள்

அப்பா பிறந்தது விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடுகிற ஒரு சின்ன ஊரில். ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். அப்பாவின் தாயார் கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மகனை ஊருக்கு வெளியே இருந்த குழந்தைகள் இல்லத்தில் விட்டார். பத்தாம் வகுப்பு முடியும்வரை அப்பாவுக்கு அதுதான் வீடு.

பிறகு புதியம்புத்தூரில் துணி வெட்டப் பழகியதும், கோவில்பட்டியில் ரெடிமேட் கடை வைத்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். அளவு சரியில்லை என்று யார் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் ஒரு பேச்சும் பேசாமல் மாற்றிக் கொடுப்பார். பஸ்ஸில் மட்டும்தான் பிடிவாதம். “சன்னலோரம் கெடைக்கலன்னா ஒங்கப்பா அடுத்த பஸ்ஸுக்கு நிப்பாவ. சின்னப்பிள்ள தோத்துரும்” என்று அம்மா கேலி செய்வார்.

நான் கட்டடக்கலை படிக்கிறேன். அதனால் கொஞ்சம் கட்டடத்தைப் பற்றியும் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் அப்பா இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். பழைய படுக்கைக் கூடத்தைப் பழுதுபார்ப்பது என்று முடிவானதும், அளந்து வரைபடம் போடும் வேலையை எனக்கு வாங்கித் தந்தார். டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கனத்த சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, தேக்கு உத்தரம். எல்லாப் படுக்கைகளும் ஒரே பார்வையில் தெரியும்படி ஒரு கோடியில் மேடை போட்ட வார்டன் அறை. சாலைப் பக்கம் வரிசையாக, வளைவு வைத்த உயரமான ஜன்னல்கள். அந்தக் காலத்து இல்லங்கள் பலவற்றை இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘ஜன்னல்களில் கை வைக்கக் கூடாது’ என்று படத்தில் சிவப்பு மையால் எழுதினேன்.

அப்பா படத்தைப் பார்த்தார்.

“ஏட்டி, இந்தச் சன்னல் திண்டு ஒனக்கு எம்புட்டு ஒசரம்?”

“என் கழுத்துக்கு வரும்ப்பா.”

“அப்போ ஏழு வயசுப் பிள்ளைக்கு?”

“வெக்கை போவணும், காத்து வரணும்னு அப்படி வச்சிருக்காவ.”

“காத்து வந்துச்சு. ரோடுதான் வரல.”

அப்பாவின் தாயார் தினமும் காலையில் அந்தச் சாலை வழியாகத்தான் வேலைக்கு நடந்து போவாராம். பிள்ளையைப் பார்க்க மாதத்தில் ஒரு நாள்தான் அனுமதி. அப்பா தன் தகரப்பெட்டியை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப்போட்டு, அதன்மேல் ஏறி நின்று, தாயார் கடந்து போவதைப் பார்ப்பாராம். மூடி குழிந்த அந்தப் பெட்டி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பஸ்ஸில் அடிபட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எல்லா ஜன்னல்களையும் குழந்தைகளின் நெஞ்சு மட்டத்துக்கு இறக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. படத்தோடு நானும் போயிருந்த குழுக் கூட்டத்தில் அது எளிதில் எடுபடவில்லை.

“கரிசல் மண்ணு, அண்ணாச்சி, மழைக்கு உப்பும். செவர நோண்டுனா கட்டடமே உக்காந்துரும்” என்றார் தலைவர். “பொறவு, பிள்ளையளும் படிக்காம வேடிக்கை பாக்கும்.”

“பாக்கட்டுமே. நம்ம வீட்டுப் பிள்ளையளும் பாக்கலையா?” என்றார் அப்பா.

நான் குறுக்கே புகுந்தேன். “சன்னலுக்குக் கீழ இருக்க செவரு பாரம் தாங்கல, அண்ணாச்சி. வளைவுல எறங்குத பாரத்த ரெண்டு பக்கத்துச் செவருதான் தாங்குது. கீழ மட்டும் வெட்டுனா ஒண்ணும் ஆவாது.”

“ரெண்டு பேரும் வீட்டுலயே பேசிவச்சிட்டு வந்திருக்கீய” என்று தலைவர் சிரித்துவிட்டார். ஒரே ஒரு ஜன்னலை இறக்கி, ஒரு மழைக்காலம் பார்ப்பது என்று முடிவாயிற்று.

இறக்கிய ஜன்னலுக்குப் பக்கத்தில், மயிரிழைபோல் இருந்த ஒரு பழைய வெடிப்பின் குறுக்கே அப்பா காகிதப் பட்டை ஒட்டினார். வெடிப்பு விரிந்தால் காகிதம் கிழிந்துவிடும். ஐப்பசி மழையில் ரெயின்கோட்டோடு ஸ்கூட்டரில் போய்ப் போய்ப் பார்த்தார். கார்த்திகை கழிந்தும் காகிதம் கிழியவில்லை. அடுத்த ஜன்னலுக்குக் கொத்தனார் வந்தார்.

கடைசி ஜன்னல் மிச்சமிருந்தபோது அப்பாவின் இதயம் பலவீனப்பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலையும் ஜன்னலோரமாகக் கேட்டு வாங்கினார். “மிச்சத்த முடிச்சிருட்டி” என்று என்னிடம் சொன்னார். நான்கு நாளில் போய்விட்டார்.

அப்பாவைக் கொண்டுபோன வண்டி இல்லத்தைக் கடந்தபோது, இறக்கிய ஜன்னல்களில் எல்லாம் குழந்தைகள் நின்றிருந்தார்கள். இறக்காத அந்த ஒன்றிலும் இரண்டு தலைகள் தெரிந்தன. எதன்மேல் ஏறி நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், சுவர் அதிராமல் வெட்டித் தந்த கொத்தனாருக்கும், கேள்வி கேட்டுக் கேட்டே சம்மதித்த தலைவர் அண்ணாச்சிக்கும், அம்மாவுக்குத் துணையாக வந்து தங்கிய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி ஜன்னலும் போன மாதம் இறங்கிவிட்டது.

இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்த நீங்கள் திரும்பும்போது இல்லத்தைத் தாண்டித்தான் போவீர்கள். பிள்ளைகள் கை காட்டுவார்கள். நீங்களும் கொஞ்சம் மெதுவாகப் போய், கை காட்டிவிட்டுப் போங்கள்.