கடல் தண்ணீர் குடித்த பிரிட்ஜ்

சுனாமி அடித்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டார் கல்லடியில் இருக்கவில்லை. பள்ளி விடுமுறை என்று இரண்டு நாள் முன்னரே பிள்ளைகளோடு வெல்லாவெளிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதனால்தான் அவர்கள் நால்வரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை என்னால் ஆறுதலாகச் சொல்ல முடியும்.

சில நாட்கள் கழித்து அக்காவும் நானும் என் கணவரும் கல்லடிக்குப் போனோம். வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரையும் கிணற்றுக்கட்டும் மட்டும் மிஞ்சியிருந்தன. அக்கா அந்தத் தரையில் நடந்து, இது குசினி, இது பிள்ளைகளின் அறை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிரிட்ஜை என் கணவர்தான் கண்டுபிடித்தார். கடலுக்கு மறுபுறம் வாவிப் பக்கம், கண்டல் வேர்களுக்குள் முகங்குப்புறக் கிடந்தது. வெள்ளை நிறம், ஒற்றைக் கதவு. ஒரு பக்கம் நெளிந்திருந்தது. கதவைத் திறந்ததும் சேறும் மணலும் காலடியில் கொட்டின. ஊறுகாய்ப் போத்தல் ஒன்று மூடி திறக்காமல் உள்ளே இருந்தது.

அக்கா பிரிட்ஜின் கதவைச் சாத்தினாள்.

“நீ கொண்டு போ புள்ள. எங்களுக்குத் தரப்போற தகரக் கொட்டிலுக்குள்ள இத நான் எங்க வைக்கிற?” என்றாள்.

எங்கள் ஊரில் அப்போது கரண்ட் கிடையாது. கம்பமே கிடையாது. அதைச் சொன்னேன். என் கணவர் கேட்கவில்லை. உழவு மெசினின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, பிரிட்ஜைப் படுக்கவிடாமல் நிமிர்த்திக் கட்டினார். பட்டிருப்புப் பாலத்தில் ஏறுமுன் சோதனைச் சாவடியில் ஓர் ஆமிக்காரர் கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மணலைக் கையால் வழித்துப் பார்த்தார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். வெல்லாவெளி என்றதும், கரண்ட் இல்லாத ஊருக்கா என்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

கிணற்றடியில் வைத்து அதைக் கழுவ எனக்கு மூன்று நாள் பிடித்தது. உப்புப் போகவேண்டும் என்று வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றினேன். கதவைச் சுற்றியிருக்கும் றப்பரின் மடிப்புக்குள் கடற்கரை மணல் பொடியாக ஒட்டியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் அங்குலம் அங்குலமாக எடுத்தேன். தேசிக்காய்ப் புளி, சவர்க்காரம், அப்பச்சோடா எல்லாம் போட்டும் சேற்று மணம் விடவில்லை. கடைசியில் ஒரு சட்டி நிறையச் சிரட்டைக் கரியை உள்ளே வைத்து, இரண்டு கிழமை விட்டேன். மணம் போய்விட்டது.

பிறகு அது அலுமாரியானது. எலி நுழைய முடியாத ஒரே இடம் எங்கள் வீட்டில் அதுதான். காணிப் பத்திரம், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், பயற்றை விதை, கொச்சிக்காய், கோயிலுக்கு உடுக்கிற சேலை எல்லாம் அதற்குள். பிள்ளைகள் யாராவது உள்ளே புகுந்து கதவு மூடிக்கொள்ளக்கூடாதே என்று கதவிடுக்கில் எப்போதும் காற்று மட்டும் போகிற அளவு மெல்லிய மரத்துண்டு ஒன்றைச் செருகி, மேலே கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டார் தங்கள் பத்திரங்களையும் கொண்டுவந்து தந்தார்கள். கரண்ட் இல்லாத பிரிட்ஜுக்கு ஊரில் நல்ல மரியாதை.

அது எவ்வளவு பெரிய உதவி என்று, யுத்தம் திரும்பவும் மூண்டு எங்கள் ஊரில் ஷெல் விழத் தொடங்கிய நாளில்தான் தெரிந்தது. மற்றவர்கள் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் கயிற்றை அறுத்துக் கதவைத் திறந்தேன். எல்லாப் பத்திரங்களையும் ஒரே பையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டாரின் பத்திரங்களை வீட்டு முன் ஒழுங்கையிலேயே அவர்கள் கையில் கொடுத்தேன். பிறகு வாவிக்கு அந்தப் பக்கம் போய், மாதக்கணக்கில் முகாமில் இருந்தோம்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவு இல்லை, யன்னல் இல்லை, பாதி ஓடும் இல்லை. பிரிட்ஜ் முற்றத்தில் கதவு திறந்தபடி மல்லாந்து கிடந்தது. யாரோ கொண்டுபோகப் பார்த்து, பாரம் தாங்காமல் விட்டிருக்கவேண்டும். உள்ளே மழைத்தண்ணீர் நிறைந்து, தவளையின் வாற்பேத்தைகள் ஓடின. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வாளியை எடுத்தேன். இரண்டாம் முறை கழுவுவது சுலபம். எங்கே எங்கே அழுக்கு ஒளியும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

யுத்தம் முழுதாக முடிந்த பிறகுதான் எங்கள் ஒழுங்கைக்குக் கம்பங்கள் வந்தன. வீட்டில் முதல் பல்ப் எரிந்த அடுத்த வாரம், என் கணவர் களுவாஞ்சிக்குடியிலிருந்து பிரிட்ஜ் திருத்துகிற ஒருவரைக் கூட்டிவந்தார். மெலிந்த மனிதர், நாற்பது வயதிருக்கும். சைக்கிள் கரியரில் ஒரு தகரப் பெட்டி. அவர் கேட்பதற்கு முன்னரே நான் சொல்லிவிட்டேன், இது கடல் தண்ணீர் குடித்த பிரிட்ஜ் என்று.

“கம்பிரசருக்குள்ள கடல் தண்ணி போகாது தங்கச்சி. அது மூடி ஒட்டின சாமான். வெளியில உள்ளதுகளத்தான் உப்புத் திண்டிருக்கும்,” என்றார்.

பின்பக்கத்தைத் திறந்து, துருப்பிடித்த சின்னச் சின்ன சாமான்களைக் கழற்றிப் புதிது போட்டார். கறுத்த குழாய்களை உப்புக்கடதாசியால் தேய்த்துப் பெயின்ற் அடிக்கச் சொன்னார். அதை நான் செய்தேன். காஸ் நிரப்பிச் சுவிட்சைப் போட்டபோது அது ஒருமுறை உலுக்கி, பிறகு சீராக உறுமியது. மாலைக்குள் உள்ளே கைவைத்தால் குளிர்ந்தது. என் கணவர் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். அப்படித் திறந்தால் குளிர் தங்காது என்று அவரை விரட்டவேண்டியிருந்தது.

போகும்போது அந்த மனிதர் எனக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். ஐஸ் கட்டினால் சுவிட்சை நிறுத்தி, சுடுதண்ணீர்ச் சட்டியை உள்ளே வைத்துக் காத்திருக்க வேண்டும். மேல் தட்டின் தகட்டுக்குள்தான் காஸ் ஓடுகிறது, அதில் கத்தி மட்டும் வைக்கவே கூடாது.

ஆறு மாதம் அப்படியே செய்தேன். பிறகு ஒரு நாள் என் கணவர் வாவி இறால் நிறையக் கொண்டுவந்தார். மேல் தட்டில் ஐஸ் பாறைபோல இறுகியிருந்தது. வைக்க இடமில்லை. வேறு வேலையும் தலைக்கு மேல் கிடந்தது. கத்தி நுனியால் ஒரு ஓரத்தைத்தான் நெம்பினேன். சீ என்று ஒரு சத்தம். மெல்லிய எண்ணெய் மணம். நான் கதவைச் சாத்திவிட்டு, கத்தியைக் கழுவி, இறால் முழுவதையும் சட்டியில் போட்டுச் சமைத்தேன்.

சாப்பிடும்போது, தண்ணீர் குளிரவில்லையே என்றார் அவர். கரண்ட் குறைவாக்கும் என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் போய், திருத்துகிற அண்ணனைக் கூட்டிவந்துவிட்டார்.

அந்த அண்ணன் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஓட்டையில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தி குத்திய காயம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? என்ன பிழை என்று என் கணவர் கேட்டார்.

“தகடு பழசு. உப்புத்தான் அரிச்சிருக்கு,” என்றார் அந்த அண்ணன்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் கணவர், அப்படியென்றால் இந்தப் பெட்டி இனிச் சரிவராது, எடுத்துப் போட்டுவிடலாம் என்று சொல்லத் தொடங்கினார். அக்காவின் பெட்டியைக் குற்றம் சொல்லி எறிவதை என்னால் தாங்க முடியவில்லை.

“உப்பு இல்ல. நான்தான் கத்தியால குத்தின,” என்றேன்.

என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையுடையதுபோலக் கேட்டது.

“கையில பட்டதா?” என்று கேட்டார் என் கணவர்.

இல்லை என்றேன். அவ்வளவுதான். பிறகு ஒருநாளும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. மூன்று நாள் பொய் சொன்னதற்கு நான்தான் வெட்கப்பட்டேன்.

ஓட்டையை அடைக்க இரண்டு வகைப் பசையைக் கலக்கவேண்டும். அந்த அண்ணன் அதை என்னிடமே தந்து, சமமாகக் கலக்கச் சொன்னார். தகட்டைத் தேய்த்துச் சுத்தமாக்கி, பசையைப் பூசி, காயும்வரை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தோம். நான் கேட்டதெல்லாம் அவர் சொல்லித் தந்தார். றப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கக் கதவிடுக்கில் ஒரு கடதாசியை வைத்து இழுக்கவேண்டும். இலகுவாக வந்தால் குளிர் வெளியே போகிறது என்று அர்த்தம். உள்ளே தண்ணீர் வடியும் துளையை ஈர்க்குக் குச்சியால் குத்திவிடவேண்டும். பின்னால் உள்ள குழாயில் தூசு படியவிடக்கூடாது, சுவரோடு ஒட்டி வைக்கவும் கூடாது. பசை காய்ந்ததும் திரும்பக் காஸ் நிரப்பினார். அவர் போனதும் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் அநேகமாக எல்லா வீட்டிலும் பிரிட்ஜ் இருக்கிறது. பெண்கள் கூப்பிடுவார்கள், தண்ணீர் ஒழுகுது, கதவு பிடிக்குதில்லை என்று. ஒரு கடதாசியும் ஈர்க்கும் கொண்டு போவேன். பாதிக்கு மேல் அதிலேயே சரிவந்துவிடும். மற்றதுக்கு அந்த அண்ணனைக் கூப்பிடச் சொல்லுவேன்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில் எங்கள் பிரிட்ஜை நிறுத்துவேன். கதவைத் திறந்து, சுடுதண்ணீர்ச் சட்டியை உள்ளே வைத்துவிட்டு, கிணற்றடி வேலைகளைப் பார்ப்பேன். உள்ளே இருந்ததெல்லாம் மேசைக்கு வந்துவிடும். அரைவாசி தயிர்ச் சட்டி, முந்தின நாள் மீன்குழம்பு, ஒரு கை மாசிச் சம்பல், யாரும் தொடாத கத்தரிக்காய்க் கறி. இதுகளை இண்டைக்கே முடிக்கவேண்டும் என்பேன். என் கணவர் வயல்வட்டையால் வந்து, கைகழுவி, பெரிய பீங்கான் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு சட்டியாக வழித்துச் சாப்பிடுவார். கிழமையில் நல்ல சாப்பாடு இந்தச் சனிக்கிழமைதான் என்பார். பிரிட்ஜில் ஐஸ், சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். அது முழுதாகக் கரையும்வரை நாங்கள் மேசையில் இருப்போம்.