ஆளில்லாத வீட்டுக்கு அடுப்பு

சென்ற வாரம், கிளியனூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். பட்டப்பகல். ஜன்னல்களில் கோணிப்பை தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தார்கள். பயிற்சிக்காக ஜப்பான் போய் வந்த விவசாய அதிகாரி ஒருவர், அந்த நாட்டு நாற்று நடவை ஸ்லைடு போட்டுக் காட்டினார். என்னையும் சேர்த்துக் கூட்டத்தில் பாதி தூங்கியது.

கடைசியில், தன் ஆசைக்கு எடுத்த சில படங்களையும் போட்டார். மலையடிவாரத்தில் பெரிய பெரிய கூரை வீடுகள்... தூக்கம் கலைந்தது.

முன்வரிசையில் இருந்த ஏகாம்பரம் எழுந்தே விட்டார். காரணம் உண்டு. போன கோடையில் அவர் வீட்டுக் கூரை தீப்பிடித்து எரிந்தது. இந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நல்ல விளைச்சல். அவருக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஆயில் இன்ஜின் வேண்டும். மனைவி பச்சையம்மாளுக்கு வீட்டுக்கு ஓடு போட வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும்.

"பாத்துக்கினியா? ஜப்பான்காரனே கூரை வூட்லதான் கீறான். உனுக்கு ஓடு கேக்குதா?"

பச்சையம்மாள் அவரைக் கவனிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சார், ஊர்ல ஒரு ஆளக்கூடக் காணோமே?"

"எல்லாம் களை எடுக்கப் போயிருப்பாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதிகாரி சிரித்தார். "அது ஊர் இல்லம்மா, கண்காட்சி. பல ஊர்ல இருந்து பழைய குடியானவங்க வீட்டையெல்லாம் பிரிச்சுக் கொண்டாந்து, அப்படியே திருப்பிக் கட்டி வெச்சிருக்காங்க. டிக்கெட் வாங்கிப் பார்க்கணும்."

"உள்ள பொகை வருதே?"

"வீட்டு நடுவுல அடுப்பு. எரிய விட்டுக்கிட்டே இருப்பாங்க. புகை பட்டாத்தான் கூரையில பூச்சி வைக்காது."

"ஆளில்லாத வூட்டுக்கு அடுப்பா! பத்திக்கினா?"

"பக்கத்துலயே காவலுக்கு ஆள் உண்டு."

"அப்போ அதுல இருந்தவங்க எங்க போனாங்க?"

அதிகாரி தயங்கினார். "புது வீடு கட்டிக்கிட்டாங்க... நான் பார்த்த வரைக்கும் ஓட்டு வீடுதாம்மா."

பச்சையம்மாள் கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியாய்யா? அந்தக் கூரைய நீயே வெச்சுக்கோ. டிக்கெட் போட்டுக் காட்டு. காவலுக்கும் நீயே குந்திக்கோ. நான் ஓட்டு வூட்டுக்குப் போறேன்."

சிரிப்பில் அறை அதிர்ந்தது. ஏகாம்பரம் உட்கார்ந்தார்.

கூரை வீட்டை அழகு என்பவர்கள் யார்? வெளியே நின்று பார்ப்பவர்கள். உள்ளே படுத்திருப்பவர்களோ, கோடை வந்தால் ஒரு கண்ணை மேலே வைத்துத்தான் தூங்குகிறார்கள்.

நேற்று திண்டிவனம் ரோட்டில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். மாட்டு வண்டி நிறைய ஓடு.

"இன்ஜின்?" என்றேன்.

"அடுத்த மல்லாட்டைக்கு சார்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படத்த அனந்தபுரத்துல மட்டும் காட்ட வேணாம்னு அதிகாரிகிட்ட சொல்லுங்க. அங்க எங்க மச்சான் இன்ஜின் வாங்கலாம்னு கீறான்... பாவம்!"