காய் முடியட்டும் என்றார்கள்

பச்சை ஏலக்காயின் வாசம் இனிப்பாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அதைப் பாயாசத்தில் மட்டும் பார்த்தவர்கள். செடியிலிருந்து அப்போதுதான் பறித்த காய் மூக்கைக் குத்தும். அதோடு நனைந்த சாக்கு, அட்டைக்குப் பயந்து காலில் தேய்த்த புகையிலை, ஜீப்பின் டீசல் எல்லாம் சேர்ந்து, மலையிலிருந்து இறங்கி வரும் என் அக்கா கிரேஸின் பாவாடையில் ஒரு வாசம் இருக்கும், அதை எந்த சோப்பும் போக்கியதில்லை. இன்றைக்கும் போடியில் ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவில் நடந்தால் மற்றவர்கள் மூச்சை இழுத்து “ஆகா” என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் சபை சின்னது. தகரக் கூரை போட்ட ஒரு கூடம், கொஞ்சம் பாய், ஒரு மேசை, அவ்வளவுதான். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தொட்டி கட்ட அப்போது இடமில்லை, அதனால் குரங்கணிக்குப் போகிற வழியில் ஆற்றில் வைத்துத்தான் கொடுப்பார்கள். கோடையில் அங்கே பாறைதான் தெரியும். ஐப்பசி மழை இறங்கி இடுப்பளவு தண்ணீர் நிற்கிறபோது, “தண்ணி வந்துருச்சு” என்று எங்கள் வீடுகளில் பேச்சு எழுந்தால், ஞானஸ்நான ஞாயிறு வருகிறது என்று அர்த்தம். கொடுமை என்னவென்றால், அதே மழையில்தான் மேலே காயும் திரண்டு நிற்கும். ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது மலையில் வேலை இருக்கும், வேலை முடியும்போது தண்ணீர் வடிந்துவிடும். காய் காத்திருக்காது, ஆண்டவர் காத்திருப்பார் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஆண்டவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்படி முடிவு செய்தவர்களில் முதல் ஆள் என் அப்பா. அவர் சபையில் மூப்பர். போடிமெட்டு வழியாகக் கேரளத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் காய் எடுக்க ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பும் அவருடையதுதான். காய் மும்முரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஜீப் ஓடும். அன்றைக்கு மட்டும் வேறு டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சபைக்கு வந்து முன்னால் உட்கார்ந்து, “வாலிபப் புள்ளைக முதல்ல ஆண்டவருக்குத் தங்களக் குடுக்கணும்” என்று சாட்சி சொல்வார். எல்லோரும் ஆமென் சொல்வோம். அவர் சொன்ன வாலிபப் பிள்ளைகள் அந்த நேரத்தில் மலையில், அவருடைய ஜீப் இறக்கிவிட்ட இடத்தில், செடிக்குள் குனிந்து கிடந்தார்கள்.

அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அந்த ஜீப்பில் ஏறியவள். யாரும் அவளை உட்கார வைத்துப் போதித்ததாக எனக்கு நினைவில்லை. கோடை விடுமுறைக் கூட்டத்தில் என்னவோ அவளைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவள் பேச்சே மாறிவிட்டது. நெருக்கியடித்துக்கொண்டு போகிற ஜீப்பில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மற்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்ள, இவள் பாடிக்கொண்டு போவாளாம். “ஏ கிரேசு, பாட்ட எடுத்து விடுடி, கொமட்டல் தெரியாம போவோம்” என்று கேட்டுக் கேட்டு, சபை வாசலையே மிதிக்காத பெண்களுக்கெல்லாம் எங்கள் பாட்டு மனப்பாடம். பேச்சியம்மா என்று ஓர் அக்கா கால் பிசகிக் கிடந்தபோது, தன் கூடையோடு அவள் கூடையையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் என் அக்கா.

பதினாறு வயதில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து நின்று, “அப்பா, இந்தத் தண்ணிக்கு நானும் எறங்குறேன்” என்றாள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “காய் முடியட்டும் ஆத்தா. ஒன்னளவுக்கு வெரசா எடுக்க ஆளில்ல. தண்ணி எங்க போயிரப் போகுது, அடுத்த வருசமும் வரும்ல?”

அம்மா பொதுவாக எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள். காயைப் பதம் பார்த்து எடுக்க வேண்டும், விட்டால் பழுத்துப் போய்க் காய வைக்கும்போது வெடித்துவிடும் என்பது மலையில் ஏறுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். “பதம் தப்புனா வெடிச்சுப் போகும்னு ஊரு பூராம் கத்திக்கிட்டுத் திரியுறீகளே, நம்ம புள்ளைக்குப் பதம் கெடையாதாக்கும்?” என்று கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பேச்சியம்மாவும் ஒரு நாள் ஜீப்பை விட்டு இறங்கும்போது அப்பாவை நிறுத்திக் கேட்டாள்: “அண்ணே, நான் வேற சாமி கும்புடுறவ. எனக்கே தெரியுது, ஒங்க புள்ள நெசமாத்தான் கேக்குது. ஒங்களுக்குத் தெரியலையா?” அப்பா சிரித்து மழுப்பினார். மழுப்புவதில் மூப்பர்களை யாரும் மிஞ்ச முடியாது.

அந்த ஞானஸ்நான ஞாயிறை நான் கரையில் நின்று பார்த்தேன். துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. பாஸ்டரோடு அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இறங்குகிறவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கொடுத்தார். யார் இறங்கினார்கள் என்கிறீர்கள்? மலையேற முடியாமல் முட்டி போனவர்கள், கண் மங்கியவர்கள், இனிமேல் எந்தத் தோட்டத்துக்கும் பிரயோஜனமில்லாத கிழடு கட்டைகள். ஒரு தாத்தா கரையில் நின்று, “ஏப்பா, தண்ணி ரொம்பக் குளுருமா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் உடம்பில் ஓடிய ரத்தத்தை எல்லாம் சீட்டுக்கும் சாராயத்துக்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதியை வழித்து ஆண்டவருக்கு வைப்பதைப் பார்த்து எல்லோரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது, முழுசாகத் தன்னைக் கொடுக்க நின்ற பிள்ளை மலையில் யாருக்கோ காய் பறித்துக்கொண்டிருந்தாள். நல்லாயிருக்கு நியாயம்!

அன்று சாயங்காலம் அக்கா நனைந்து வந்ததும், ஈரத்தைக்கூடத் துடைக்காமல் என்னை இழுத்து உட்கார வைத்து, “என்ன பாட்டுடி பாடுனாக? தண்ணிய விட்டு எந்திரிக்கிறப்ப அழுதாகளா?” என்று துருவித் துருவிக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, தானே இறங்கி ஏறியது மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷமும் தண்ணீரில் இறங்குகிறேன் என்று அப்பாவிடம் கேட்டாள். அடுத்த வருஷமும் அதே பதில்.

அதற்கும் அடுத்த வருஷம் மழை பிய்த்து எடுத்தது. ஞானஸ்நான ஞாயிறுக்கு முந்தின நாள் போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. ஒரு ஜீப்பும் ஏறவில்லை. காலையில் அப்பா குளித்து முழுகி, முகமெல்லாம் சிரிப்பாக வந்து, “கெளம்பு ஆத்தா, இன்னைக்கு நல்லதாப் போச்சு, ஒனக்கும் சோலி இல்ல. எறங்கிரு” என்றார். அக்கா தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பைக் கீழே வைக்காமலே கேட்டாள்: “ரோடு அடச்சுக்கிட்டதால கூப்புடுறீகளா?” அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “வேற சோலி இல்லாத அன்னைக்கு எறங்குறதுக்கு நான் கேக்கலப்பா. நான் வரல” என்றாள். அப்பா கத்தினார், அடங்காப்பிடாரி என்றார், பாஸ்டரை விட்டுப் பேசச் சொன்னார். பாஸ்டர் அவள் பெருமைபிடித்தவள் என்றார். அவள் இரண்டு வருஷம் கைகட்டி நின்று கேட்டபோது இந்தப் பாஸ்டர் எங்கே போயிருந்தார் என்று கேட்க, அன்றைக்கு எனக்கு வயது போதவில்லை.

பிறகு அவள் கேட்கவே இல்லை. ஜீப்பில் பாடுவதும் எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது. பக்கத்து ஊர் சிலமலையில் கட்டிக் கொடுத்தார்கள். தோட்டம், மாடு, இரண்டு பிள்ளைகள், நல்ல குடும்பம்.

இப்போது எங்கள் சபைக்குக் கான்கிரீட் கட்டடம் வந்துவிட்டது. உள்ளேயே பளபளவென்று டைல்ஸ் ஒட்டித் தொட்டி கட்டியிருக்கிறோம். குழாயைத் திருகினால் எந்த மாதமும் தண்ணீர். இறங்கத்தான் ஆள் இல்லை. போன மாதக் கூட்டத்தில் பெரியவர்கள் வரிசையாக எழுந்து, வாலிபப் பிள்ளைகள் வருவதில்லை, செல்போன் கெடுத்துவிட்டது என்று புலம்பினார்கள். எழுந்து நின்று, “செல்போன் வர்றதுக்கு முன்னாடியே நாமதான வெரட்டி விட்டோம்” என்றேன். ஒரு மூப்பர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்குள் அந்த ஆசை எழும்பியிருந்தால், பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று உங்களுக்குத் தவணை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மூப்பருக்கும் இல்லை, பெற்றவர்களுக்கும் இல்லை. ஓடுகிற கால், பாடுகிற தொண்டை, பயப்படாத மனசு, இது எல்லாம் இருக்கும்போதே ஆண்டவரிடம் போங்கள். பிறகு பார்க்கலாம் என்று சொல்கிறவர்கள் பிறகு வந்து பார்ப்பதில்லை. அந்த ஆசை எந்த வயதிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இருக்காது. நான் கண்ணால் பார்த்தவள்.

அப்பாவுக்கு இப்போது நடக்க முடியவில்லை. சென்ற வாரம் சிலமலைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்ததால் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் கண்ண மூடுறதுக்குள்ள ஞானஸ்நானம் எடுத்துக்க ஆத்தா. நாந்தான் கெடுத்தேன். எம்மேல கோவத்துல இருக்காத.”

“ஐயோ, என்னப்பா நீங்க” என்றாள் அக்கா. “கோவமெல்லாம் ஒன்னும் இல்ல. கோவப்படுற அளவுக்கு எனக்கு இப்ப அதுல என்ன இருக்கு?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்பா கையை விடாமல் அழுதார்.