ஒரு பாட்டுக்குப் பெடல்

மாங்குளத்தில் இடம்பெயர்ந்திருந்தபோது எங்களுக்குக் கிடைத்த ஒரே கசற் ரேடியோ முன்பு கப்பலில் வேலை செய்த ஒருவருடையது. பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பற்றரி வராது; கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவில்தான் அது பாடும். செய்தி கேட்கப் போகிறவன் முதலில் அவருடைய ஆபிரிக்கப் பாட்டு ஒன்றுக்குப் பெடல் சுற்ற வேண்டும். முன்பல் இல்லாத, திமிர் பிடித்த ஆள்.

என் ஊர்ப்பக்கம் ஷெல் விழுந்த அன்று நான் சுற்றினேன். கால் மணித்தியாலமாகியும் மேளமும் ஊதலும்தான்.

“செய்தி தொடங்கப்போகுது, பாட்டை நிப்பாட்டுங்கோ அண்ணை!”

“பொறும். பாட்டுக்காரன் இன்னும் வாயே திறக்கேல்லை. அவன்ர நாட்டு ஆமி தன்ர வீட்டை எரிச்சதைப் பாடப்போறான்.”

“என்ர ஊர் எரியுதோ எண்டு அறியத்தான் நான் வந்தனான்!”

அவர் அசையவில்லை. செய்தி நேரம் முடிந்த பிறகுதான் அந்தப் பாடகன் பாடினான். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அந்த ஆளை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. பாட்டு முடியும்வரை நான் ஏன் பெடலை விடவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.